என் அப்பாவின் ஹெச்-இண்டெக்ஸ்

நீளமான பதிவு. கையில் டீ இருந்தா நல்லது.

போன வாரம் ஓ.பி. முடியிற நேரம். புவனகிரி பக்கத்துல இருந்து ஒரு ஐயா வந்தார். ஆறு வருஷமா சர்க்கரைக்கு என்கிட்ட வர்றவர், எப்பவும் ஒழுங்கா கட்டுப்பாட்டுல இருக்கிறவர். அன்னைக்கு வெறும் வயித்துல பார்த்த சுகர் 312. "மாத்திரை போடுறீங்களா ஐயா?"ன்னு கேட்டேன். நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சாம். பதிலுக்கு ஏதோ பொடி. யார் சொன்னாங்கன்னு கேட்டதும் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். பேசுறவருக்குக் கீழே எழுத்து ஓடுது: 300 ஆராய்ச்சிக் கட்டுரைகள், உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி.

"அவரு முன்னூறு எழுதியிருக்காரு சார். நீங்க எத்தனை எழுதியிருக்கீங்க?"

கிண்டல் இல்லை, நிஜமாவே கேட்டார். பதினொன்னுன்னு சொன்னேன். பாவம், என்னைப் பார்த்து வருத்தப்பட்டார்.

மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வைக்க இருபது நிமிஷம் ஆச்சு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லலை. வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தாங்க. அந்தப் பதில்தான் இது. ஒரு ஆராய்ச்சியாளருக்கு எப்படி மார்க் போடுறாங்க, அந்த மார்க்கை நீங்க எவ்வளவு நம்பலாம்?

முதல்ல சைட்டேஷன். நான் ஒரு கட்டுரை எழுதினால், யார் யார் முன்னாடி சொன்னதை வைத்து எழுதினேனோ அவங்க கட்டுரைகளைக் கடைசியில் பட்டியல் போடணும். அந்தப் பட்டியலில் உங்க கட்டுரை வந்தால் உங்களுக்கு ஒரு சைட்டேஷன். நமக்கு இது புதுசு ஒண்ணும் இல்லை. தொல்காப்பியர் 'என்ப', 'என்ப'ன்னு முன்னாடி இருந்தவங்க மேல பாரத்தைப் போட்டுத்தான் இலக்கணம் சொல்றார். பெயர் தெரியாமப் போன சங்கப் புலவருக்கு அவர் பாட்டில் வந்த சொல்லையே பெயரா வச்சாங்க. செம்புலப்பெயனீரார் அப்படி வந்த பெயர்தான்.

1955-ல் யூஜின் கார்ஃபீல்டுன்னு ஒரு அமெரிக்கர் சயின்ஸ் இதழில் ஒரு யோசனை சொன்னார். இந்தப் பட்டியல்களை எல்லாம் தலைகீழாத் திருப்பினால் என்ன? ஒரு பழைய கட்டுரையை எடுத்து, அதுக்கு அப்புறம் யாரெல்லாம் அதைக் குறிப்பிட்டாங்கன்னு தேடலாமே. யாராவது அதை மறுத்திருந்தால், அது தெரியாமல் நீங்க அதையே நம்பி ஏமாற மாட்டீங்க. இதை அவரே அந்தக் கட்டுரையில் ஒரு பயனாச் சொல்றார். 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது. இன்னைக்கு இருக்கிற ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் எல்லாம் அதோட பங்காளிகள்.

இந்த எண்ணுற வேலைக்கு நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் அதுக்கும் ஏழு வருஷம் முன்னாடியே பெயர் வச்சிருந்தார். சிதம்பரத்தில் இருந்து கொள்ளிடம் பாலம் தாண்டினால் சீர்காழி. எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த ஊர். அந்த 'எஸ்' சீர்காழி (வெள்ளைக்காரன் எழுத்தில் ஷியாலி), 'ஆர்' அவங்க அப்பா ராமாமிருதம். கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1948-ல் இங்கிலாந்தில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில், நூலக வேலைக்கும் புள்ளியியல் வேணும், அதுக்கு 'லைப்ராமெட்ரி'ன்னு பெயர் வைக்கலாம்னு பேசினார். 'பிப்லியோமெட்ரிக்ஸ்' என்ற சொல் வந்தது 1969-ல். இப்போ அண்ணாமலைநகரிலேயே நூலக அறிவியல் துறையில் பிள்ளைங்க இந்தக் கணக்கை வச்சு பிஎச்.டி. பண்றாங்க.

ரங்கநாதன், கார்ஃபீல்டு ரெண்டு பேருக்கும் நோக்கம் ஒண்ணுதான்: படிக்கிறவனுக்கு வேண்டியது கைக்குக் கிடைக்கணும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

சைட்டேஷனை எண்ண மட்டும் இல்லை, உறவு பார்க்கவும் பயன்படுத்துறாங்க. ரெண்டு கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரைகளைக் குறிப்பிட்டால் அதுங்க சொந்தம், ஒரே கடையில் அக்கவுண்ட் வச்சிருக்கிற ரெண்டு வீடு மாதிரி. இது 1963-ல் கெஸ்லர் சொன்னது. ரெண்டு பழைய கட்டுரைகளைப் பின்னாடி வர்றவங்க எல்லாரும் சேர்த்தே குறிப்பிட்டால் அதுவும் சொந்தம், ஊர்ல எப்பவும் சேர்த்தே பேசப்படுற ரெண்டு பேர் மாதிரி. இது 1973-ல் ஹென்றி ஸ்மால். ஒரு துறை எங்கே கிளை பிரியுது, எது செத்துப்போகுதுன்னு இதை வச்சு வரைபடமே போடலாம். அழகான வேலை. யாருக்கும் கெடுதல் இல்லை.

கெடுதல் வந்தது, இந்த எண்ணை ஆளுக்கு மார்க்கா மாத்தினப்போ.

ஹெச்-இண்டெக்ஸ். 2005-ல் ஹிர்ஷ்னு ஒரு இயற்பியலாளர் கொண்டு வந்தது. உங்க கட்டுரைகளை சைட்டேஷன் அதிகமா வாங்கின வரிசையில் அடுக்கணும். நாலு கட்டுரைகள் ஒவ்வொண்ணும் குறைஞ்சது நாலு வாங்கியிருந்து, அஞ்சாவது அஞ்சைத் தொடலைன்னா உங்க ஹெச்-இண்டெக்ஸ் 4. அவ்வளவுதான்.

என் அப்பாவின் ஹெச்-இண்டெக்ஸ் 4.

அப்பா கடலூர்–சிதம்பரம் தடத்தில் கண்டக்டரா இருந்தவர். எட்டாங்கிளாஸ். ஆராய்ச்சி எதுவும் பண்ணலை, மழைக்காலத்தில் ஆலப்பாக்கம் தாண்டி பஸ் போகுமா போகாதான்னு பார்த்ததைத் தவிர. பிறகு எப்படி? ஆரம்பத்தில் ஆன்லைனில் கட்டுரை அனுப்பினப்போ 'லாஸ்ட் நேம்'னு ஒரு கட்டம், நிரப்பாமல் நகர விடாது. அப்பா பெயரைப் போட்டேன். மேலை நாட்டு டேட்டாபேஸுக்கு லாஸ்ட் நேம்தான் ஆள். என் பெயர் சுருங்கி ஒரே ஒரு இனிஷியல் ஆயிடுச்சு. அஞ்சு கட்டுரைகள் அப்பா பெயரில் போய் உட்கார்ந்தது. அதுங்களுக்கு சைட்டேஷன் 40, 12, 6, 4, 1. ஹெச்-இண்டெக்ஸ் 4. விஷயம் புரிஞ்சப்புறம் என் பெயர் கடைசியில் வர்ற மாதிரி மாத்தி அனுப்பின ஆறு கட்டுரைகளுக்கு 9, 7, 3, 2, 0, 0. என் ஹெச்-இண்டெக்ஸ் 3. அப்பா ஒரு மார்க் முன்னாடி. ரெண்டையும் சேர்த்தால் ஏழு வருமான்னு கேட்காதீங்க, அஞ்சுதான் வரும். அடுக்கிப் பாருங்க, நல்ல பயிற்சி.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இதே கதை. குடும்பப் பெயர்னு ஒண்ணு நமக்குக் கிடையாது, அப்பா பெயரோட முதல் எழுத்துதான். அதை ஒருத்தர் முன்னாடி போடுவார், ஒருத்தர் பின்னாடி போடுவார், ஒருத்தர் ஊர் பெயரையும் சேர்ப்பார். என்கூடப் படிச்ச ஒரு டாக்டரம்மா கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல். டேட்டாபேஸ் கணக்கில் அவங்க ரெண்டு பேர், ரெண்டுமே சுமாரான ஆட்கள். இதுக்கு நேர் எதிரான கஷ்டமும் உண்டு. சிதம்பரத்தில் கல்லை விட்டெறிஞ்சா ஒரு நடராஜன் மேல விழும். நாலு நடராஜனுக்கு ஒரே இனிஷியல் இருந்தால் நாலு பேரோட வேலையும் ஒரே மேதையின் கணக்கில் ஏறிடும். 2012-ல் ஆர்கிட் எண்ணுன்னு ஒண்ணு வந்தது. ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் 16 இலக்கம், இலவசம், ஆதார் மாதிரி. இளம் டாக்டர்கள் முதல் கட்டுரைக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க. அண்ணனா சொல்றேன்.

சரி, பெயர் சரியா விழுந்துடுச்சுன்னே வைப்போம். அந்தப் பெயர் அங்கே ஏன் வந்தது?

கட்டுரையின் ஆத்தர் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்ம கல்யாணப் பத்திரிகைதான் ஞாபகம் வரும். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை. யார் பெயர் விட்டுப்போச்சுன்னு சண்டை. பத்திரிகையில் பெயர் இருக்கிறவர் எல்லாம் கல்யாண வேலை பார்த்தவர் இல்லை. வேலை பார்த்த பெரியப்பா மகன் பெயர் பத்திரிகையிலேயே இருக்காது.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஒரு விதி வச்சிருக்கு. ஆத்தர்னா நாலும் இருக்கணும்: ஆய்விலோ தரவிலோ உருப்படியான பங்கு, எழுதுறதில் அல்லது திருத்துறதில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. விதி நல்ல விதி. இப்போ நம்ம நாட்டுப் பதவி உயர்வு விதியைப் பாருங்க. 2015-ல் மருத்துவ கவுன்சில், முதல் ரெண்டு பெயருக்குத்தான் கணக்குன்னு சொன்னது. 2020-ல் முதல் மூணு பெயர், அல்லது கடிதத் தொடர்புக்கு உரியவர்னு ஆச்சு. அந்த மூணாவது இடத்துக்கு அப்புறம் எவ்வளவு கிராக்கி வந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. யு.ஜி.சி.யின் 2018 விதி இன்னும் வேடிக்கை. ரெண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். ஒரு கட்டுரை, மொத்தம் 140. எங்க வீட்டு நிலத்தை இப்படிப் பாகம் பிரிக்க முடிஞ்சிருந்தா சித்தப்பாவோட கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டாம்.

பாகம் பிரிக்கிறது நிஜமாவே கஷ்டம்தான், அதையும் சொல்லணும். 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையைச் சொன்ன கட்டுரைக்கு ஆத்தர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் ஆத்தர், நிறுவனப் பெயர்கள்தான். ஒவ்வொருத்தருக்கும் முழு மார்க் போட்டால் 5,154 கட்டுரை எழுதின மாதிரி ஆயிடும். பங்கு போட்டால் ஆளுக்குத் தூசி. எந்தக் கணக்கைப் போடுறாங்கங்கிறதைப் பொறுத்து ஒரு நாடே தரவரிசையில் ஏறும் இறங்கும்.

இன்னொரு பக்கம் இது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினாங்க. அப்போ டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்கணும். படுக்கையோ இல்லை. ஒரு பாதி நோயாளிகளை சானடோரியத்தில் வச்சும், மறு பாதியைக் குடிசை வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. வீட்டில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க. வீட்டில் இருக்கிற மத்தவங்களுக்குத் தொற்றும் கூடலை. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த அந்த ஆய்வுதான் உலகம் முழுக்க டி.பி. நோயாளியை வீட்டுக்கு அனுப்பியது. ஆத்தர் இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், மதராஸ். ஆள் பெயர் இல்லை. இன்னைக்கு பரங்கிப்பேட்டையில் ஒருத்தர் வீட்டிலேயே இருந்து டி.பி. மாத்திரை சாப்பிடுறார்னா அந்தக் கட்டுரைக்கு அது ஒரு சைட்டேஷன்தான், ஆனால் எந்த டேட்டாபேஸிலும் ஏறாது. அது சரின்னு எல்லாருக்கும் பழகிப்போச்சு, இப்போ யாரும் குறிப்பிடுறதே இல்லை.

அப்போ அதிகமா குறிப்பிடப்பட்டது எல்லாம் நல்லதா? டாக்டரா எனக்கு வயிறு கலங்குற இடம் இதுதான்.

1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அஞ்சே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. கட்டுரை கூட இல்லை, கடிதம். மருத்துவமனையில் படுத்திருந்தப்போ ஓபியம் வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில் நாலு பேருக்குத்தான் அடிமைத்தனம் பதிவாச்சுன்னு சொன்னது. வார்டில், நர்ஸ் கண் முன்னாடி, கொஞ்ச நாள் மருந்து வாங்கினவங்க. அவ்வளவுதான் அதில் இருந்தது. 2017-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணினாங்க. அந்தக் கடிதத்துக்கு 608 சைட்டேஷன். அதில் 72 சதவீதம் "இந்த மருந்துக்கு அடிமையாவது அபூர்வம்"ங்கிறதுக்கு ஆதாரமா அதைக் காட்டியிருந்தது. 80 சதவீதத்துக்கு மேல், அவங்க எல்லாம் மருத்துவமனைக்குள்ளே இருந்தவங்கன்னே சொல்லலை. ஒருத்தர் சொன்னார்னு அடுத்தவர், அவர் சொன்னார்னு அடுத்தவர். வீட்டுக்கு மாசக்கணக்கில் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்து அமெரிக்காவில் எத்தனை குடும்பம் அழிஞ்சதுன்னு செய்தியில் பார்த்திருப்பீங்க. அந்தக் கடிதத்தின் சைட்டேஷன் கணக்கை மட்டும் பார்த்தால் அது மகத்தான ஆராய்ச்சி.

கணினி எண்ணும்போது பாராட்டும் ஒண்ணுதான், திட்டும் ஒண்ணுதான், படிக்காமல் காப்பி அடிச்சதும் ஒண்ணுதான்.

இதோட மொய் சேரும். நம்ம மொய் நோட்டை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. நீ என் விசேஷத்துக்கு ஐநூறு வச்சால், உன் விசேஷத்துக்கு நான் வைக்கணும். நோட்டு இருக்கு, கணக்கு இருக்கு. மொய்யில் தப்பு இல்லை, அது ஊரே தெரிஞ்சு வைக்கிறது. ஆராய்ச்சியில் மொய் வைக்கக் கூடாது. ஆனால் வைக்கிறாங்க. 2013-ல் பிரேசிலில் நாலு மருத்துவ இதழ்கள், ஒண்ணை ஒண்ணு மாத்தி மாத்திக் குறிப்பிட்டு இம்பாக்ட் ஃபாக்டரை ஏத்தினதுன்னு மாட்டிக்கிச்சு. (இம்பாக்ட் ஃபாக்டர்னா, ஒரு இதழின் கடந்த ரெண்டு வருஷக் கட்டுரைகள் இந்த வருஷம் சராசரியா எத்தனை தடவை குறிப்பிடப்பட்டதுங்கிற எண். இதழுக்கு உண்டானது. அதை ஆள் தலையில் ஒட்டுறது நம்ம வேலை.) அங்கேயும் அரசாங்கம் முதுகலைப் படிப்புகளை இந்த எண்ணை வச்சு எடை போட்டுக்கிட்டிருந்தது. நம்ம ஊர்லயும் கல்லூரித் தரவரிசை இதே வேட்டைதான். 2025-ல் என்.ஐ.ஆர்.எஃப்., திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மைனஸ் மார்க் போட ஆரம்பிச்சிருக்கு. லேட்டா வந்தாலும் சரிதான்.

ஐயா காட்டின '2 சதவீத' விஷயத்துக்கு வர்றேன். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வச்சுப் போடுற பட்டியல் அது, முதல்ல 2019-ல் வந்தது. ஸ்டான்ஃபோர்டு கொடுக்கிற விருது கிடையாது. ஆறு விதமான எண்ணைக் கலந்து ஒரு மார்க் போடுறாங்க. ஒரே ஆத்தரா எழுதினது, முதல் பெயரா வந்தது, கடைசிப் பெயரா வந்தது எல்லாம் அதில் தனியாப் பார்க்கிறாங்க. தன்னைத்தானே குறிப்பிட்டதைக் கழிச்ச வரிசையும் அதே கோப்பில் இருக்கு, ஃபிளெக்ஸ் பேனரில் அது வராது. கவனமா செஞ்ச பட்டியல்தான். அதில் இருக்கிற பலர் அருமையான விஞ்ஞானிகள். ஆனால் நானோ துகளைப் பத்தி நல்லா எழுதி அதில் இடம் பிடிச்சவர், உங்க சர்க்கரைக்குப் பொடி சொல்ல அது லைசென்ஸ் இல்லை.

அந்த ஐயாகிட்ட நான் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: அந்த முன்னூறில் இந்தப் பொடியைப் பத்தி எத்தனை? அதில் எலிக்குக் கொடுத்தது எத்தனை, மனுஷனுக்குக் கொடுத்தது எத்தனை? மெட்ஃபார்மினை நிறுத்திட்டு இதைக் கொடுத்துப் பார்த்தாங்களா? அவர் கூட்டாளி இல்லாத வேற யாராவது செஞ்சு பார்த்து இதையே சொன்னாங்களா? இந்த நாலுக்கும் பதில் இல்லைன்னா முன்னூறு என்ன, மூவாயிரம் இருந்தாலும் ஒண்ணுதான். அடுத்த மாசம் வருவார், கேட்கிறேன்.

நானும் சுத்தமான ஆள் இல்லை, அதையும் சொல்லிடறேன். பி.ஜி. படிக்கும்போது எழுதின முதல் கட்டுரையில் ரெண்டாவது பெயர் ஒரு பெரியவருடையது. அச்சில் வந்தப்புறம் காட்டினேன், "இது எதைப் பத்திப்பா?"ன்னு கேட்டார். எந்த ஊர், எந்தக் கல்லூரின்னு கேட்காதீங்க. பெயரைப் போட்டது நான்தான். அதே ஆய்வுக்காக வெயிலில் வீடு வீடா என்னைக் கூட்டிப்போன கிராம சுகாதார செவிலியர் அக்காவின் பெயர் நன்றி சொல்ற பத்தியில் கூட இல்லை. இருபது வருஷத்தில் அந்தக் கட்டுரையை 40 பேர் குறிப்பிட்டிருக்காங்க. ஆமாம், அப்பா கணக்கில் இருக்கே, அந்த 40.

இப்போ கொள்ளிடக் கரை ஊர்களில், ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஜனங்க ஏன் பாதியில் நிறுத்துறாங்கன்னு ஒரு கட்டுரை எழுதிக்கிட்டிருக்கோம். நானூத்திச் சொச்சம் வீடு. போனது வேற ஒரு செவிலியர். ரெண்டு சாயங்காலம் என்கூட உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்தாங்க. ரெண்டு ஊரின் எண்கள் இடம் மாறி இருந்ததைப் பிடிச்சது அவங்கதான். பிடிக்கலைன்னா முடிவே தப்பாப் போயிருக்கும். எழுதினதை வரி வரியாத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க, ரெண்டு இடத்தில் "அப்படி இல்லை சார்"னு திருத்தினாங்க. நாலு விதியும் பொருந்துது. மூணாவது பெயரா போட்டிருக்கேன். "அவங்களுக்கு எதுக்கு சார், புரமோஷனுக்கா ஆகப்போகுது?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அந்த இடம் கைக்கு வந்தால் யாருக்கு ஆகும்னு அவருக்குத் தெரியும்.

நேத்து அந்த அக்கா போன் பண்ணி, இனிஷியல் முன்னாடி போடணுமா பின்னாடி போடணுமான்னு கேட்டாங்க. பின்னாடின்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை சிதம்பரம் போறேன், அவங்க ஆர்கிட் எண்ணை எடுத்துக் கொடுத்துட்டு வரணும்.